தொண்ணூறில் தொடங்கும் உதறல்

மறையூரிலிருந்து சின்னாறு வனத்தைக் கடந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கி, பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காட்டை அடைகிற பாதையில், முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக இடமில்லாத மலை வளைவுகளிலெல்லாம் ஒரு குறையும் காட்டாமல் பரம சாதுவாக வந்த கார், வாளையார்–வடக்கஞ்சேரி நான்கு வழிச் சாலையில் ஏறித் தொண்ணூறைத் தொட்டதும் ஸ்டியரிங்கைக் கைக்குள் உதறத் தொடங்குவது, இந்த எல்லைப்புறத்தில் கார் வைத்திருக்கும் பலருக்கும் பழக்கமான அனுபவம். இடுக்கி ஜில்லாவில் ரயில் பாதை கிடையாது. ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் கல்யாணத்துக்கும் சாலையே கதி. 2021 ஜூலை 31-ஆம் தேதி குதிரானில் முதல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, கோயம்புத்தூர்–திருச்சூர் மார்க்கத்தில் நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓட்டுவதும் சாத்தியமாகிவிட்டது. நான்கு வழித் தேசிய நெடுஞ்சாலையில் கார்களுக்குக் கேரள அரசு அனுமதித்திருக்கும் உச்ச வேகம் 100 கிலோமீட்டர். மலைப்பாதை மறைத்து வைத்திருந்த குறைகள் அந்த வேகத்தில்தான் வெளிப்படுகின்றன.

வெளிப்பட்டதும் பெரும்பாலோர் நேரே போய் அலைன்மெண்ட் செய்துகொள்கிறார்கள். உதறல் நிற்காததைக் கண்டு இரண்டாம் முறையும் செய்கிறார்கள். சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதைப் பற்றியது அலைன்மெண்ட். அது கெட்டால் கார் ஒரு பக்கமாக இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும், நேரே போகும்போதே ஸ்டியரிங் கோணி நிற்கும். பாலக்காட்டுக் கணவாயின் பலத்த காற்று பக்கவாட்டில் மோதும்போதுகூட ஏறக்குறைய அப்படியொரு இழுப்பு தெரிவதுண்டு. ஆனால் இழுப்பு வேறு, உதறல் வேறு. உதறலுக்கு முதலில் சந்தேகிக்கப்பட வேண்டியது, சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாகப் பரவியிருக்கிறதா என்பதே.

கயிற்றில் கட்டிச் சுழற்றிய கல், வேகம் கூடக் கூடக் கையை இழுப்பதைச் சிறுவயதில் பார்த்திருப்போம்; சக்கரத்தில் நிகழ்வதும் அதுதான். பதினான்கு அங்குல ரிம்மின் விளிம்பில் ஓரிடத்தில் 20 கிராம் எடை அதிகமாக இருப்பதாக வைத்துக்கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் விநாடிக்குச் சுமார் 15 முறை சுழல, அந்த அற்ப எடையானது ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு அச்சை ஒரு முறை இழுத்துவிடுகிறது. வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். ஐம்பதில் அதே 20 கிராம் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே இழுக்கும், கைக்குத் தெரியாது. தவிரவும், சஸ்பென்ஷனுக்கும் ஸ்டியரிங் இணைப்புகளுக்கும் இயல்பாகவே ஒரு அதிர்வு வேகம் உண்டு. சக்கரத்தின் சுழற்சி அதனோடு ஒத்துப்போகும் இடத்தில், அதாவது எண்பதுக்கும் நூற்றுப்பத்துக்கும் இடையில் எங்கேயோ, உதறல் உச்சத்தை அடைந்து, அதைத் தாண்டினால் சில கார்களில் தணிந்தும் போகிறது. தணிந்ததைக் கண்டு குறை தீர்ந்ததென்று நினைத்துவிடக் கூடாது.

இந்த எடை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ரிம்மில் அடித்திருந்த ஈய வெயிட் குழியில் விழுந்து தெறித்திருக்கலாம். பஞ்சர் பார்க்க டயரைக் கழற்றியவர் வேறு நிலையில் மாட்டியிருக்கலாம். மலைப்பகுதிக்கென்றே விசேஷமான ஒரு காரணமும் உண்டு: சேறு. மழைக்காலத்தில் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டப் பாதைகளில் போய்வந்த கார் இராத்திரி நிற்கும்போது, ரிம்மின் உட்குழிவில் அப்பியிருந்த சகதி மெல்ல வழிந்து அடிப்பாகத்தில் சேர்ந்து, காலைக்குள் ஒரே இடத்தில் கட்டியாக இறுகிவிடுகிறது. வெளியே பளபளவென்று கழுவிய சக்கரத்தின் உள்பக்கத்தில் கையை விட்டுப் பார்த்தால், பிசுபிசுத்த பிரேக் கருந்தூளுக்கு அடியில் அந்தக் கட்டி விரலில் தட்டுப்படும். அதைச் சுரண்டி நீரால் பீய்ச்சிக் கழுவிய அளவிலேயே பல உதறல்கள் நின்றுவிடும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. கழுவாத சக்கரத்தை மெஷினில் ஏற்றிப் பாலன்ஸ் செய்தாலோ, அந்தச் சேற்றுக்கும் சேர்த்தே எதிரெடை வைத்து அனுப்புவார்கள். சேறு உதிர்ந்த அன்று குறை திரும்பி வரும்.

பாலன்ஸ் செய்தும் தீராவிட்டால், எங்கே, எப்போது என்ற இரண்டு கேள்விகளைக் காரிடமே கேட்க வேண்டும். உதறல் கையில் தெரிந்தால் முன்சக்கரம். இருக்கையிலும் கால்மிதியிலும் தெரிந்தால் பெரும்பாலும் பின்சக்கரம். ஐயமிருந்தால் முன்சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றிப் பார்த்தால், குறையும் சேர்ந்து இடம் மாறுகிறதா என்பது பிரத்தியட்சமாகத் தெரியும். அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்ததும் அதிர்வின் தன்மை மாறினால் எஞ்சினையும் அதன் மவுண்ட்டுகளையும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்தால் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயிண்ட்டையும் பார்க்கச் சொல்லலாம்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் உதறி, பெடலும் காலடியில் துடித்தால், குறை டிஸ்க்கில் இருக்கிறது. பதினேழு கொண்டையூசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுச் சாலையில், இரண்டாம் கியரில் எஞ்சின் பிடித்திறக்கும் வழியை விட்டுப் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் டிஸ்க் கொதிக்கிறது. கொதித்த நிலையில் காரை நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டே நின்றால், பேடின் பொருள் ஓரிடத்தில் படிந்து, டிஸ்க்கின் பருமன் மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்குக் கணக்கில் ஏறியிறங்கிவிடுகிறது. நெடுஞ்சாலையில் எண்பதில் பிரேக் போடும்போது அதைக் கைகள் உணர்ந்துவிடும். குறைந்தபட்சப் பருமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்; அதற்கு இடமிருந்தால் கடைசல் பிடிக்கலாம், இல்லையேல் மாற்றத்தான் வேண்டும்.

தேய்ந்த டை ராடு எண்ட்டும் பால் ஜாயிண்ட்டும் தாமாக உதறலை உண்டாக்குவதில்லை; இருக்கும் சிறு உதறலைப் பெரிதாக்குகின்றன. இந்த விஷயத்தில் உலகம் படித்த பாடம் பழையது. 1920-களில் குறைந்த காற்றழுத்தமுள்ள அகன்ற பலூன் டயர்களும் முன்சக்கர பிரேக்குகளும் பரவியபோது, இரு முன்சக்கரங்களையும் ஒரே அச்சு பிணைத்த கார்கள் தலையாட்டத் தொடங்கின. பிரான்சில் ஜார்ஜ் புரூலியே என்ற பொறியாளர் 1925-இல் அதன் காரணத்தை ஆராய்ந்து எழுதினார். 1934-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் முன்சக்கரங்களைத் தனித்தனியே தாங்கும் அமைப்பைக் கொண்டுவந்ததற்கு இந்தத் தொல்லையும் ஒரு முக்கியத் தூண்டுதல். ஆனால் கமான் பட்டையின் மேல் ஒற்றை அச்சோடு ஓடும் பழைய ஜீப்புகளில் அந்தத் தலையாட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. கிங் பின் தேய்ந்த ஜீப், ஒரு குழியில் இறங்கி ஏறியதும் முன்சக்கரங்கள் இரண்டும் வெறிகொண்டதுபோல் ஆட, ஸ்டியரிங் கையை விட்டுப் பிடுங்கிக்கொள்ளும். வேகத்தைக் குறைப்பதொன்றே அப்போதைய வழி. தேனி ஜில்லாவிலிருந்து விடியலில் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுபவை இத்தகைய ஜீப்புகளே. கிங் பின்னை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் உரிமை அவற்றின் சொந்தக்காரர்களுக்குக் கிடையாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஒரேயொரு உதறலை மட்டும் ஊர் போய்ச் சேரும்வரைகூடப் பொறுக்கக் கூடாது. நாற்பதிலேயே தட்தட்டென்று தெரிவது, நேற்றைவிட இன்று அதிகமாவது, நிமிஷத்துக்கு நிமிஷம் வளர்வது எதுவானாலும், டயருக்குள்ளிருக்கும் இரும்புக் கம்பிப் பட்டைகள் விட்டுப்போயிருக்கலாம், அல்லது சக்கர நட்டுகள் தளர்ந்திருக்கலாம். உடனே ஓரங்கட்டி நிறுத்தி, முதலில் நட்டுகளைப் பார்த்து, பிறகு டயரின் பரப்பு முழுவதும் உள்ளங்கையால் தடவ வேண்டும். ஓரிடத்தில் மேடு தட்டினாலும், பக்கச் சுவரில் புடைப்புத் தெரிந்தாலும், ஸ்டெப்னியை மாட்டாமல் ஓரடி நகரக் கூடாது. அத்தகைய டயருக்கு எந்த பாலன்சிங்கும் பரிகாரமல்ல.

மெக்கானிக்கிடம் போகும்போது "ஸ்டியரிங் ஆடுகிறது" என்பதோடு நிறுத்தாமல், எந்த வேகத்தில் தொடங்கி எந்த வேகத்தில் தணிகிறது, பிரேக்கிலா வெறும் ஓட்டத்திலா, கையிலா இருக்கையிலா என்று சொன்னால், வேண்டாத பாகங்களை மாற்றும் செலவு மிச்சமாகும். சக்கரத்தை மாட்டுகையில், அது அமரும் ஹப்பின் முகத்தில் துருவிருந்தால் பிரஷ்ஷால் தேய்த்து அகற்றச் சொல்லி, நட்டுகளை எதிரெதிராக, ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்குகிறாரா என்று பார்த்து, ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை இறுக்கம் பார்த்துக்கொள்ள வேண்டும்.