எண்பதில் நின்ற முள்

சங்கரன்கோவில் பக்கமிருந்து எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகிற லாரிக்குச் செங்கோட்டை வரை பெரிய சோதனை கிடையாது. புளியரை தாண்டி எஸ் வளைவு வந்ததும் ஆரம்பிக்கும். டிரைவர் கியரைக் குறைத்துக்கொண்டே வருவார். வண்டி முக்கி முனகி ஆரியங்காவு நோக்கி ஏறும். எஞ்சின் சூட்டைக் காட்ட அவர் கண்ணெதிரே மீட்டர் இருக்கிறது. கியர் பாக்ஸ் என்ன பாடு படுகிறது என்று சொல்ல பல வண்டிகளில் ஒன்றும் இல்லை. அதனால்தான் தெரிந்த டிரைவர் ஒருவர் தனியாக ஒரு மீட்டர் வாங்கி மாட்டினார்.

கியர் பாக்ஸ் ஆயில் அதிகம் சூடேறுமோ என்று அவர் பயந்தது சரிதான். பல லாரிகளில் டாப் கியரில் எஞ்சினின் விசை நேரே மெயின் ஷாஃப்ட் வழியாகப் போய்விடும். கீழ் கியரில் அது லே ஷாஃப்ட் என்ற இன்னொரு தண்டுக்கு இறங்கி, மறுபடி மெயின் ஷாஃப்டுக்கு ஏற வேண்டும். இரண்டு இடத்தில் பல்லோடு பல் உரசுகிறது. எஞ்சின் 150 கிலோவாட் தருகிறது, அதில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உரசலில் போகிறது என்று வைத்துக்கொண்டாலும் 4.5 கிலோவாட். வாளித் தண்ணீரில் போடுகிற 1.5 கிலோவாட் ஹீட்டர் மூன்றை ஆயிலுக்குள் முக்கி வைத்த மாதிரி. சமவெளியில் வண்டிக்கு அடியில் ஓடும் காற்று இந்தச் சூட்டை வாரிக்கொண்டு போகும். ஏற்றத்தில் அந்தக் காற்றும் குறைவு.

சூடேறிய ஆயில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட ஆரம்பிக்கும். சூட்டுக்கும் வேதிவினையின் வேகத்துக்கும் உள்ள உறவை 1889-ல் சுவீடன் விஞ்ஞானி அரீனியஸ் சமன்பாடாக்கினார். அதிலிருந்து வந்த தோராயக் கணக்கு ஒன்று உண்டு: 10 டிகிரி கூடினால் ஆயில் கெடுகிற வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கையால் தொட்டுப் பார்த்து இந்த 10 டிகிரியைக் கண்டுபிடிக்க முடியாது. 80 ஆனாலும் 90 ஆனாலும் கை ஒரே மாதிரிதான் வெந்துபோகும்.

ஆயிலின் சூட்டை மீட்டருக்குச் சொல்லும் சென்சார் பார்வைக்கு ஒரு போல்ட். அதன் நுனிக்குள் மாங்கனீசு, நிக்கல் போன்ற உலோகங்களின் ஆக்சைடால் ஆன சிறு மணி ஒன்று இருக்கும். செம்புக் கம்பியில் சூடேறினால் மின்தடை கூடும். இந்த மணியில் சட்டென்று இறங்கும். இந்தத் தலைகீழ்க் குணத்தை 1833-லேயே வெள்ளி சல்பைடில் மைக்கேல் ஃபாரடே கண்டு எழுதியிருக்கிறார். 25 டிகிரியில் 1,000 ஓம் தடையுள்ள ஒரு வகைச் சென்சார் 80 டிகிரியில் 127 ஓமுக்கும், 92 டிகிரியில் 88 ஓமுக்கும் வந்துவிடும். தடை குறையக் குறைய முள் ஏறும். எந்தத் தடைக்கு எந்த டிகிரி என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும் என்பதால் சென்சார், மீட்டர் இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். கனரக லாரியில் 24 வோல்ட் ஓடுகிறது. காருக்கான 12 வோல்ட் மீட்டர் அதற்கு ஆகாது.

எங்கே மாட்டுவது என்பதில்தான் யோசனை வேண்டும். ஆயில் ஊற்றுகிற பிளக் கைக்கு வசதியான இடம். ஆனால் அது ஆயில் மட்டத்தை ஒட்டி இருக்கிறது. வண்டி மலையில் சாய்ந்து ஏறும்போது ஆயில் பின்பக்கம் ஒதுங்கினால், சென்சார் நுனி ஆயிலை விட்டுக் காற்றில் நிற்கலாம். எந்த நேரத்தில் சரியான சூடு தெரிய வேண்டுமோ அந்த நேரத்தில் தெரியாது. அடியிலுள்ள டிரெயின் பிளக் எப்போதும் ஆயிலில் முங்கியே இருக்கும். பழைய டிரெயின் பிளக் ஒன்றை லேத் பட்டறையில் கொடுத்துத் துளை போட்டு, உள்ளே மரை வெட்டி, அதில் சென்சாரைத் திருகலாம். நுனி உள்ளே கியர் பல்லில் தட்டக் கூடாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற தலையில் கல் அடிக்கக் கூடாது. இரும்புத்தூள் பிடிக்க அந்தப் பிளக்கில் காந்தம் இருந்திருந்தால் அதையும் இழக்கிறோம். அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டு டிரெயின் பிளக்கில் மாட்டுவதே நல்லது என்பது என் கருத்து.

நம் டிரைவரும் அங்கேதான் மாட்டினார். மாட்டிய நாளிலிருந்து முள் 80-க்கு மேல் போனதே இல்லை. எனக்கு அது உறுத்தியது. லோடோடு புளியங்குடி வரை போய்த் திரும்பி, எஞ்சினை அணைக்காமல் ராஜபாளையம் ரோட்டில் உள்ள பட்டறையில் நிறுத்தினோம். மெக்கானிக் தம்பி ஒரு துண்டு வயரை எடுத்து, ஒரு முனையைச் சென்சாரின் உடம்பிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தார். முள் மெல்ல ஏறி 92-ல் நின்றது.

“அண்ணாச்சி, சென்சார்ல கோளாறு இல்ல. எர்த்து பத்தல.”

ஒற்றை வயர் சென்சாருக்கு மின்சாரம் திரும்பிப் போகிற வழி அதன் மரைதான். ஒழுகக் கூடாது என்று டெஃப்லான் டேப்பை ஐந்தாறு சுற்றுச் சுற்றியிருந்தார்கள். டேப் மின்சாரத்தை விடாது. உலோகம் உலோகத்தைத் தொட்ட இடம் கொஞ்சம்தான். அந்த நெருக்கடியில் 40 ஓம் கூடிவிட்டது. 88 ஓம் மீட்டருக்கு 128 ஆகத் தெரிந்தது. வயர் உரசி சேஸிஸைத் தொட்டிருந்தால் முள் உச்சிக்குப் போய் நிற்கும், உடனே வண்டியை ஓரங்கட்டியிருப்பார். எர்த்து பலவீனமானால் ஆயில் ஆறிப்போன மாதிரி காட்டும், யாருக்கும் சந்தேகம் வராது.

டேப்பை எடுக்க வேண்டுமானால் பிளக்கைக் கழற்ற வேண்டும், ஆயிலையும் இறக்க வேண்டும். சூடு தணியும்வரை டீ குடித்துவிட்டு வந்தோம். தம்பி அடியில் தட்டை வைத்துப் பிளக்கைத் திருகினார். மூன்று மாதத்துக்கு முன் தேன் நிறத்தில் ஊற்றிய ஆயில் கருத்து இறங்கியது. டிரைவர் குனிந்து இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். தீய்ந்த வாடை எனக்கே அடித்தது.

“அப்ப இத்தன நாளும் தொண்ணூத்துல தான் ஏறியிருக்கேன்” என்றார்.