விருந்துக்கு வராத மாப்பிள்ளை

முகூர்த்த நாளில் திருவந்திபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். கடலூரிலிருந்து பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. அத்தனை கல்யாணக் கூட்டத்திலும் ஒரு கேள்வி மட்டும் தவறாமல் காதில் விழும். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் வரலையா?"

நெய்வேலியில் ஷிப்டு என்று சொன்னால் யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் புதுசாக ஏதோ ஒன்றைக் கண்டுபிடிக்க ராப்பகலாக உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு ஷிப்டு ஏது, சங்கு ஏது? அவர் வராவிட்டால் திமிர் என்று பெயர். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் பெண்டாட்டி. "நீதான் விடல போலிருக்கு" என்கிற பேச்சு வேறு.

சிதம்பரத்தில் என் நாத்தனார் மகளைக் கட்டியிருக்கிற பிள்ளை அப்படி ஒருவர். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, முந்திரிக்கொட்டை உடைக்க மெஷின் செய்து பார்க்கிறார். பண்ருட்டி பக்கம் கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டுத் தோல் வெந்து உரிந்திருக்கும். புதுத் தம்பதியை மஞ்சக்குப்பத்துக்கு விருந்துக்கு அழைத்தோம். மூன்று தடவை தள்ளிப் போட்டார். "என்ன, கலெக்டர் உத்தியோகமா?" என்று என் மாமியார் பொரிந்து தள்ளினார். அந்தப் பெண் போனிலேயே அழுதுவிட்டாள்.

அப்துல் கலாமுக்கே இந்தச் சங்கடம் வந்திருக்கிறது. 1999-ல் வெளிவந்த 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் அவரே சொல்கிறார். 1980-களின் தொடக்கம். ஏவுகணைத் திட்டத்தைப் படிப்படியாகச் செய்ய அனுமதி கேட்டுப் போனார்கள். எல்லா ஏவுகணைகளையும் ஒரே சமயத்தில் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார் ராணுவ அமைச்சர் ஆர். வெங்கட்ராமன். மறுநாள் காலைக்குள் புதுத் திட்டம் வேண்டும். கலாமும் விஞ்ஞானி வி.எஸ். அருணாசலமும் விடிய விடிய எழுதினார்கள். நடுவில்தான் கலாமுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது, மறுநாள் சாயங்காலம் ராமேஸ்வரத்தில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம்!

டில்லி எங்கே, ராமேஸ்வரம் எங்கே? வேலைக்காகக் குடும்பக் கடமையை மறப்பது நியாயமா என்று தவித்திருக்கிறார். விஷயம் அருணாசலம் மூலமாக அமைச்சர் காதுக்குப் போயிற்று. சென்னையில் விமானம் இறங்கியதும் விமானப்படை ஹெலிகாப்டரில் மதுரைக்குப் போக ஏற்பாடாயிற்று. மதுரை ஸ்டேஷனில் ரயில் புறப்படுகிற நேரம். ஓடிப்போய் ஏறி, கல்யாணத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தார். அன்றைக்குப் போட்ட திட்டத்துக்கு 388 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அக்னி, பிருத்வி எல்லாம் அதில் வந்தவைதான்.

நம் வீட்டு மனுஷருக்கு ஹெலிகாப்டர் வராது, வாஸ்தவம்தான். ஆனால் கல்யாணம் இருக்கிற விஷயம் கூட வேலை செய்கிறவருக்குத் தெரிந்ததால்தானே வழி பிறந்தது? நம் ஆண்கள் வேலை இடத்தில் வீட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. வீட்டில் வேலையைப் பற்றியும் சொல்வதில்லை.

சொல்லியும் பலிக்காத வீடும் உண்டு. கோவை முருகானந்தம் மலிவு விலையில் நாப்கின் செய்ய மெஷின் கண்டுபிடிக்க வருஷக்கணக்காக அலைந்தார். ஆட்டு ரத்தத்தைப் பையில் கட்டிக்கொண்டு தன் மேலேயே சோதித்தார். ஊர் கன்னாபின்னாவென்று பேசியது. மனைவி பிரிந்து போனார், பெற்ற தாயும் போனார். பின்னால் மனைவி திரும்பி வந்தார். 2016-ல் பத்மஸ்ரீயும் வந்தது. அந்த மனைவியை நான் குறை சொல்ல மாட்டேன். ஊர் வாய்க்கு நடுவில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

வர முடியாதென்றால், வராதவரே போனை எடுத்து அழைத்தவரிடம் பேசட்டும். மனைவியை விட்டுச் சொல்லச் சொல்வது கூடாது. "இன்னொரு நாள்" என்று இழுக்காமல், இந்தத் தேதி என்று சொல்ல வேண்டும். மொய்யை மட்டும் கொடுத்தனுப்பினால் கோபம் இன்னும் ஏறும்.

அழைக்கிறவர்களும் கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாம். நான்காம் தடவை நாங்கள் இலை, வடை, பாயசம் எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு, மாமியாரையும் கூட்டிக்கொண்டு நாங்களே சிதம்பரம் போய்விட்டோம். கொட்டகை வாசலில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். மாமியார் அந்த மெஷினில் ஒரு கொட்டையைப் போட்டுப் பார்த்தார். பருப்பு இரண்டாக உடைந்துதான் வந்தது. "முழுசா வரணும்ப்பா, அப்பதான் விலை போகும்" என்றார். அந்தப் பிள்ளை உடனே ஸ்பானரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.