கணினித் தரவும் அக்கரைப் பிரதியும்

மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்தைத் திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிப் போற்றினர். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்தனர். ஆயினும் பதிகங்கள் அழிந்தில. கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் பல ஏடுகளிலும் ஓதுவார் நாவிலும் அவை வாழ்ந்தமையே அதற்குக் காரணமாம். அறிவைக் காக்க விழைவோர் முதற்கண் உணரவேண்டிய உண்மை இது. இக்காலக் கணினித் தரவுத்தளங்களுக்கும் இது பொருந்தும்.

மருத்துவமனையின் நோயாளர் பதிவுகளும் வங்கியின் கணக்குகளும் இடையறாது கிடைத்தல் வேண்டும். அதன்பொருட்டு ஒரு கணினிக்குப் பதிலாகப் பல கணினிகளைக் கொத்தாக இணைத்து, அவை அனைத்துக்கும் பொதுவான ஒரு சேமிப்பகத்தை அமைப்பர். ஒரு கணினி பழுதுற்றால் மற்றொன்று அச்சேமிப்பகத்தைப் பொறுப்பேற்றுப் பணியைத் தொடரும். ஆனால் சேமிப்பகமே பழுதுற்றால் யாது செய்வது? மன்னார்த் தீவைப் பெருநிலத்துடன் இணைக்கும் வழி ஒன்றே. வண்டிகள் எத்துணை இருப்பினும் பாலம் தகர்ந்தால் அவற்றாற் பயனில்லை. 1990-இல் பாலம் தகர்ந்தபின், 2015-இலேயே தலைமன்னாருக்குப் புகைவண்டி மீண்டும் ஓடிற்று. பொதுச் சேமிப்பகமும் அத்தகைய ஒற்றைப் பாலமே.

இக்குறையை நீக்குவது பிரதி நெறி. முதற் சேமிப்பகத்தில் எழுதப்படும் ஒவ்வொரு தரவுக் கூறும் வலையமைப்பின் வழியே இரண்டாம் சேமிப்பகத்திலும் எழுதப்படும். 2010-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலிற் சேர்க்கப்பட்ட டி.ஆர்.பி.டி. என்னும் மென்பொருள் இப்பணியைச் செய்வதாகும்.

இந்நெறி இருவகைப்படும். இரு பிரதிகளிலும் எழுதி முடிந்த பின்னரே 'பதிந்தாயிற்று' என அறிவிப்பது உடன்நிகழ் முறை. இதில் இழப்பில்லை, காத்திருப்பு உண்டு. முதற்பிரதியில் எழுதியவுடன் அறிவித்து, மற்றதைப் பின்னர் அனுப்புவது பின்நிகழ் முறை. இதில் விரைவுண்டு, ஆனால் இடையே விபத்து நேரின் இறுதிப் பதிவுகள் சில இழக்கப்படும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். மன்னாரிலிருந்து கொழும்பு வரை 300 கிலோமீற்றர் நீளமுள்ள இழை எனக் கொள்ளின், செய்தி சென்று மீள 3 மில்லிநொடி வேண்டும். ஒரு பதிவுக்கு இது சிறிதே. ஆயிரக்கணக்கான பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்து நிற்பின் பெரிதாம்.

அங்ஙனமாயின் பிரதியை அண்மையிலேயே வைத்தலாகாதோ? 1964 டிசம்பர் சூறாவளி இவ்வினாவுக்கு விடை தந்தது. ஏறத்தாழ 30 கிலோமீற்றர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் மன்னார்க் கரையும் தனுஷ்கோடியும் ஒரே புயலால் தாக்குண்டன, தனுஷ்கோடி அழிந்தது. ஆகவே விரைவு அண்மையை நாடும். பாதுகாப்பு சேய்மையை நாடும். உடன்நிகழ் பிரதியை அருகிலும் பின்நிகழ் பிரதியைத் தொலைவிலும் வைத்தல் இவ்விரண்டையும் ஒருவாறு இணக்கும் வழியாம்.

மேலும் இரு இடர்கள் கருதற்பாலன. இணைப்பு மட்டும் அறுபடின், ஒவ்வொரு பக்கமும் மற்றது இறந்ததென எண்ணித் தனித்தனியே எழுதத் தொடங்கும். ஒரே கணக்கு இருவேறாகும். இதனைத் தவிர்க்க, மூன்றாம் சாட்சியாக ஒரு கணினியை நிறுத்தி, பெரும்பான்மை பெற்ற பக்கமே எழுதலாம் என விதிப்பர். மற்றொன்று, பிரதி பிழையையும் பெயர்த்தெழுதும் என்பது. தவறுதலாக அழிக்கப்பட்ட பதிவு மறுபக்கத்திலும் அக்கணமே அழியும். ஆதலின் நாள்தோறும் எடுத்துத் தனியே வைக்கும் காப்புப்படி இன்றியமையாதது; அதனை மீட்டெடுத்துப் பார்க்கும் ஒத்திகையும் வேண்டும்.

கணினிகளைப் பெருக்குவதால் மட்டும் தரவு காக்கப்படாது. ஒரே தீங்கு ஒருசேரத் தீண்டாத இடங்களிற் பிரதிகளை வைத்து, அவற்றைச் சோதித்துவரும் விழிப்பே அதனைக் காக்கும்.