திருச்சபை ஊழியமும் செயற்கை நுண்ணறிவும்

ஓய்வுநாட் பாடசாலையிற் கற்பிக்கச் செல்லும் நம் மாணவர் சிலர் அண்மையில் நம்மை அணுகி ஓர் ஐயம் வினவினர். பாடக் குறிப்பைச் செயற்கை நுண்ணறிவினிடம் கேட்டால் அரை நிமிடத்தில் எழுதித் தருகின்றதே, அதனை வாங்கிச் சென்று கற்பித்தல் தகுமா, தகாதா என்பதே அவ்வையம். வினா சிறிதாயினும் அதன் வேர் ஆழமானது. பாடக் குறிப்பில் தொடங்கிய வழக்கம் பிரசங்கத்துக்கும், பிரசங்கத்தினின்று ஜெபத்துக்கும், ஜெபத்தினின்று துயருற்றோர்க்கு உரைக்கும் ஆறுதன்மொழிக்கும் பரவுதல் எளிது. ஆதலின் இப்பொருளைச் சிறிது விரித்து ஆராய்வாம்.

புதுக் கருவிகளைக் கண்டு அஞ்சும் வழக்கம் நம் முன்னோர்க்கு இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தரங்கம்பாடியில் அச்சுப்பொறி நிறுவப்பட்டுத் தமிழில் வேதம் அச்சேறிற்று. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1838இல் இம்மண்ணிலேயே உயிர் நீத்த இரேனியுஸ் ஐயர், அச்சுத்தாளின் ஆற்றலை நன்குணர்ந்தவர். ஆயினும் அவர் அச்சினை மட்டும் நம்பியவரல்லர். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் மாணாக்கராயிருந்து தமிழ் பயின்றார். ஊர் ஊராய் நடந்து மக்கள் பேசும் மொழியைச் செவியால் உண்டார். அதன்பின்னரே எழுதுகோல் எடுத்து வேதத்தை மொழிபெயர்த்தார். கருவி அவருடைய உழைப்பைப் பரப்பியது. உழைப்பினின்று அவரை விடுவிக்கவில்லை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்வாமாயின் மேல்வருவன எளிதில் விளங்கும்.

இப்பொறி வேலை செய்யும் முறையை முதலில் அறிதல் வேண்டும். அளவிறந்த நூல்களும் எழுத்துக்களும் அதற்கு ஊட்டப்படுகின்றன. எச்சொல்லின் பின் எச்சொல் வருதல் வழக்கு என்பதை அது கணித்துக் கற்றுக்கொள்கின்றது. நாம் வினவுங்கால், அக்கணக்கின்படி சொற்களை ஒவ்வொன்றாய்க் கோத்து விடை தருகின்றது. விடை பெரும்பாலும் செவ்விதாயிருப்பினும், அதன் மெய்ம்மைக்கு அக்கணக்கு பிணையன்று. யூதாவின் நிருபத்துக்கு ஒரே அதிகாரமுண்டு. அதன் இரண்டாம் அதிகாரத்தினின்று ஒரு வசனத்தைப் படைத்துக் காட்ட நேரினும் பொறிக்கு நாணமில்லை, சொல்லோட்டமும் தடைப்படாது. மேலும் ஆங்கிலத்தோடு ஒப்பிடுமிடத்து அதற்குக் கிடைத்த தமிழெழுத்து மிகச் சிறிது. ஆதலால் தமிழில் அது தவறுதற்கு இடம் மிகுதி.

இனி நன்மைகளைக் காண்பாம். நம் திருமண்டிலத்தில் ஒரு சேகரகுருவின் பொறுப்பிற் பல சிற்றூர்ச் சபைகள் அடங்கியுள்ளன. பதிவேடுகளை ஒழுங்குபடுத்தல், கூட்ட அறிக்கை வரைதல், பிறமொழி நூலொன்றின் சாரத்தைத் திரட்டல் முதலிய பணிகளிற் பொறி உதவுமாயின், அவர் இல்லங்களைச் சந்திக்கப் பொழுது மிஞ்சும். பாளையங்கோட்டையிற் பார்வையற்றோர்க்கு 1890இற் பள்ளி தோன்றியது. காதுகேளாதோர்க்கும் அந்நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளி எழுந்தது. அத்தகையோர்க்கு இப்பொறி பெருந்துணையாகும். எழுத்தை ஒலியாக்கிப் பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டும். பிரசங்கத்தை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காதுகேளாதோர் கண்முன் நிறுத்தும்.

ஈண்டு வியக்கத்தக்க செய்தியொன்றுண்டு. 2023இல் மெட்டா நிறுவனத்தார், 1,100க்கு மேற்பட்ட மொழிகளின் பேச்சைப் பொறிக்குக் கற்பித்தனர். அத்துணை மொழிகளில் ஒலிப்பதிவு எங்ஙனம் கிடைத்தது? பல மொழிகளிலும் வாசித்துப் பதிவு செய்யப்பட்டிருந்த புதிய ஏற்பாடே அவர்க்குப் பாடநூலாயிற்று. மொழிபெயர்ப்பாளரும், அவர்க்கு மொழி கற்பித்த புலவரும், வாசித்துக் குரல் கொடுத்தோரும் தலைமுறை தலைமுறையாய்ப் பட்ட பாடே இன்று பொறிக்கு நாவாய் அமைந்தது. பொறியின் பின்னும் மனிதர் உழைப்பே நிற்கின்றதென்பதை இதனால் உணரலாம்.

அவ்வுழைப்பின் தன்மைக்குத் தமிழ் வேதமே சான்று. 1772இல் வெளிவந்த பப்ரிசியுஸ் ஐயரின் புதிய ஏற்பாட்டிற் பராபரன் என்றிருந்த சொல், பவர் ஐயர் தலைமையிற் குழுவினர் திருத்தி 1871இல் முற்றுப்பெற்ற பதிப்பிலே தேவன் என்றாயிற்று. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் கடவுள் என நின்றது. ஒவ்வொரு சொல்லையும் தெரிந்தெடுத்தற்குக் கற்றோர் கூடியிருந்து வழக்காடினர். பொறியோ இம்மூவகை வழக்கையும் கணக்கின் போக்கிலே கலந்து எழுதக்கூடும். அச்சபையின் மூதாட்டி ஒருத்தி எச்சொல்லைச் சொல்லித் தன் மகவை அடக்கம் செய்தாள் என்பது அதற்குத் தெரியாது.

பிறநாட்டார் பட்டறிவும் நமக்குப் பாடமாகும். 2023 ஜூன் மாதம் ஜெர்மனி தேசத்துப் பூர்த் நகரிலுள்ள தூய பவுல் ஆலயத்தில், சாட் ஜி.பி.டி. என்னும் பொறி பெரும்பான்மையும் வகுத்த ஆராதனையொன்று நடைபெற்றது. திரையில் தோன்றிய உருவங்கள் பிரசங்கம் செய்தன. முந்நூற்றுவர் அளவிலான மக்கள் கூடினர். வியந்தோர் பலர், அவ்வுருவங்களுக்கு இதயமுமில்லை, உணர்ச்சியுமில்லை எனக் குறைப்பட்டோரும் உளர். 2024 ஏப்ரலில் அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பொன்று குருவின் உடை தரித்த பொறியுருவொன்றை வினாக்களுக்கு விடையளிக்க நிறுத்தியது. அது தன்னை மெய்யான குருவெனவே கூறிக்கொண்டதோடு, பாவமன்னிப்பு வழங்கவும் முற்பட்டது. சில நாட்களுக்குள்ளே அதன் குருவுடை களையப்பட்டது. 2025 ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கையும், இப்பொறியை மனிதனுக்கு நிகராகக் கொள்ளலாகாதென்றும், அதனைப் பயன்படுத்துவோரே அதன் விளைவுக்குப் பொறுப்பாளரென்றும் வற்புறுத்துகின்றது.

இவற்றால் நாம் அறிவது யாது? சொல்லைச் சுமந்து செல்லப் பொறியால் இயலும். அச்சொல்லுக்குப் பொறுப்பேற்க இயலாது. தவறான ஆறுதல் கூறிய போதகர் மறுநாள் அவ்வீட்டுக்கு மீண்டும் சென்று மன்னிப்புக் கேட்கலாம். பொறி எவர் வீட்டு வாயிலில் நிற்கும்?

நம் நாட்டு ஊழியர் ஒருவர் வாழ்க்கையை இதற்கு ஒப்புநோக்குவாம். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவரும், வெள்ளாளன்விளையில் 1874இற் பிறந்தவருமான அசரியா, 1909இற் குடும்பத்தோடு தோர்ணக்கல்லுக்குச் சென்றார். அங்குள்ளோர் மொழி தெலுங்கு. மொழிபெயர்ப்பாளரை அருகில் நிறுத்திக்கொண்டே காலங் கழித்திருக்கலாம். அவரோ தெலுங்கைக் கற்றார். 1912இல் அத்தியட்சராகிய பின்னரும் அம்மக்கள் நடுவிலேயே வாழ்ந்தார். இன்று கைபேசியில் ஒரு சொல் தமிழிற் கூறினால் மறுகணம் தெலுங்கில் ஒலிக்கின்றது. செய்தி சென்று சேர்வது உண்மையே. ஆயின் ஒருவன் பிறன் மொழியை நாத்தடுமாறிக் கற்கும்போது, கேட்போன் அவன் பிழையைத் திருத்துகின்றான், திருத்துங்கால் ஆசிரியனாகின்றான், கற்பிக்க வந்தவன் மாணாக்கனாகின்றான். அன்பு முளைக்கும் இடம் அதுவே. பொறி அவ்விடத்தைத் தாண்டிச் செல்ல வழி காட்டுகின்றது. அதனாலேயே அஞ்சுகின்றோம்.

ஆகவே நம் மாணவர்க்குச் சில நெறிகளைக் கூறுவாம். முதலாவது, பொறி தரும் வசனம் ஒவ்வொன்றையும் வேதபுத்தகத்தைத் திறந்து ஒத்துப் பார்த்த பின்னரே வழங்குக. இரண்டாவது, பொறியின் உதவி பெற்றதை மறையாது கூறுக. பிறர் எழுதியதைத் தன்னதென்று சொல்லுதல் எக்காலத்தும் பொய்யே. மூன்றாவது, பிறர் நம்மை நம்பிக் கூறிய ஜெப விண்ணப்பங்களையும், நோய், கடன், குடும்பப் பிணக்கு ஆகியவற்றையும் பொறியினுள் இடாதொழிக. தனியார் விவரங்களைக் காத்தற்கு 2023இற் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. சட்டமில்லாவிடினும் இரகசியம் காத்தல் ஊழியனுக்குரிய அறமேயன்றோ? நான்காவது, மரணப் படுக்கையருகிலும், துக்க வீட்டிலும், குற்றத்தை அறிக்கையிட வந்தவன் முன்னிலையிலும் பொறியின் சொல்லை இரவல் வாங்காதிருக்க. ஆங்கு நாத்தழுதழுக்க மௌனமாயிருத்தல், பொறி தந்த அழகிய வாக்கியத்தினும் மேலானது.

2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்ட நாட்களை நாம் மறந்திலோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. சாலைகள் அறுந்தன, பல ஊர்களிற் கைபேசிகள் ஊமையாயின. ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நின்ற செந்தூர் விரைவு ரயிலின் பயணிகளுக்கு அருகிருந்த புதுக்குடி மக்கள் உணவு சமைத்துக் கொடுத்தனர். அவர்கள் பசித்தோர் யார், எச்சமயத்தார் என வினவினாரில்லை. கருவிகளெல்லாம் ஓய்ந்த அந்நாளில் ஓயாதிருந்தவை அண்டை வீட்டார் கைகளே.

எனவே, வினவிய மாணவர்க்கு நம் விடை இதுவாகும். பாடக் குறிப்புக்குப் பொறியைக் கேட்டல் குற்றமன்று. ஆராய்ந்து, திருத்தி, நுமது சொல்லாக்கிக்கொள்ளாது கொண்டுசெல்லுதலே குற்றம். பொறி மிச்சப்படுத்தித் தந்த பொழுதை எதற்குச் செலவிடுகின்றீர் என்பதை நும் மனச்சாட்சியை வினவுங்கள். கடந்த ஞாயிறு பாடத்துக்கு வாராத பிள்ளையின் வீட்டைத் தேடிச் செல்ல அப்பொழுது உதவுமாயின், அப்பொறி நுமக்கு நல்ல ஊழியனே. அவ்வீட்டுக்குச் செல்லாமைக்கு அது காரணமாயின், எத்துணை நயம்பட எழுதினும் அது நுமக்கு வேண்டா.