"நீங்களே பார்த்துப் போட்டுக் குடுங்க சார்"



போன மாதக் கூட்டம் பாகாயத்தில் நடந்தது. வரவு செலவு வாசித்து முடித்து டீ வந்த நேரத்தில், ஒரு அக்கா மனசில் இருந்ததைக் கொட்டினாங்க. ஷூ கம்பெனியில் ஆறு வருஷம் அப்பர் தைத்தவங்க. போஸ்ட் பெட் மெஷினில் உட்கார்ந்தால் தையல் இம்மி விலகாது. வீட்டுப் பக்கம் வரைக்கும் கம்பெனி பஸ் வருகிறதே என்று வேறொரு கம்பெனிக்கு மாற நினைத்து இண்டர்வியூவுக்குப் போனாங்க. தைத்துக் காட்டச் சொன்னார்கள், தைத்தாங்க. "நல்லா இருக்கும்மா, எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிற?" என்று கேட்டார் அங்கே இருந்தவர்.

அக்கா சொன்ன பதில்: "நீங்களே பார்த்துப் போட்டுக் குடுங்க சார்."

அவர் பார்த்து 12,000 போட்டார். சேர்ந்து ஒரு வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில்தான் விஷயம் தெரிந்தது. அதே வாரம் சேர்ந்த, ரெண்டே வருஷ அனுபவம் உள்ள ஒரு பொண்ணுக்கு 13,200. அந்தப் பொண்ணு மந்திரம் எதுவும் போடவில்லை. "13,500 வேணும் சார்" என்று கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். மாதம் 1,200 என்றால் வருஷத்துக்கு 14,400 ரூபாய். அடுத்த வருஷம் கூட்டிக் கொடுப்பதும் இந்த 12,000-க்கு மேல்தான். ஓ.டி. கணக்கும் இதை வைத்துத்தான். ஒரு வார்த்தைக்கு இத்தனை நஷ்டம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே அக்காதான் போன வருஷம் குழுத் தலைவியாக பேங்குக்குப் போய் மேனேஜர் எதிரே உட்கார்ந்தவங்க. மேனேஜர் "3 லட்சம் தர்றேன்" என்றார். "இல்லீங்க சார், எங்களுக்கு 6 லட்சம் வேணும். இதோ சேமிப்பு, இதோ உள்கடன் கணக்கு, ஒரு தவணை கூட தவறல" என்று நோட்டை விரித்து வைத்தாங்க. 6 லட்சம் வாங்கித்தான் திரும்பினோம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பேங்கில் இருந்த அந்த வாய் கம்பெனி ஆபீஸில் எங்கே போனது? இதை அக்காவிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாங்க: "அங்க குழுவுக்காகக் கேட்டேன். இங்க எனக்காகக் கேட்கணும், அதான் வாய் வரல."

நம்மில் பல பேருக்கு இதுதான் நிலைமை. 1989-ல் தருமபுரியில் நம்ம மாநிலத்தின் முதல் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்தில் பேங்க் படி ஏறவே பெண்கள் பயந்தார்கள். இன்றைக்கு அந்தப் பயம் இல்லை. சம்பளம் பேசுகிற இடத்தில் மட்டும் இன்னும் இருக்கிறது. வேலை கொடுப்பதே ஒரு உதவி, அதில் வாய் பேசக்கூடாது என்று நினைத்துவிடுகிறோம். தைக்கத் தெரிந்த கை இல்லாமல் அந்தக் கம்பெனியில் ஒரு ஜோடி கூட வெளியே போகாது என்பது நமக்கு ஞாபகம் வருவதில்லை.

பேங்குக்கு நோட்டோடு போனோம் இல்லையா, அதே மாதிரி இங்கேயும் ஒரு நோட்டு வேண்டும். பழைய நாற்பது பக்க நோட்டு போதும். அதில் நீங்கள் என்ன வேலை தெரிந்தவர் என்று எழுதுங்கள். "கம்பெனி வேலை" என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஸ்கைவிங் தெரியுமா, மடிப்பு ஒட்டத் தெரியுமா, எந்தெந்த மெஷின் ஓட்டுவீர்கள், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜோடி, செக்கிங்கில் எத்தனை திரும்பி வரும், புதுசா வந்த பொண்ணுங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா, லீவு எத்தனை நாள் போட்டீர்கள். இதை எழுதி முடித்ததும் பாருங்கள், உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அடுத்த பக்கத்தில் ரெண்டு தொகை எழுத வேண்டும். ஒன்று, அதே வேலைக்கு அக்கம்பக்கத்துக் கம்பெனிகளில் என்ன கொடுக்கிறார்கள் என்பது. சம்பளத்தைச் சொல்லக்கூடாது என்று நமக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தால் லாபம் நமக்கு இல்லை. குழுக் கூட்டத்திலாவது மனசு விட்டுச் சொல்லிக்கொள்வோம். இன்னொன்று அரசு வைத்திருக்கிற குறைந்தபட்சக் கூலி. தோல் பதனிடுதலும் தோல் பொருள் தயாரிப்பும் 1948-ம் வருஷத்துக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தபோதே அதன் பட்டியலில் இருந்த தொழில். இப்போது அந்தச் சட்டம் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. இன்றைய தொகையை லேபர் ஆபீஸில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடி கம்பெனிகள் திருப்பத்தூர் மாவட்டத்திலும், ராணிப்பேட்டை சிப்காட் கம்பெனிகள் ராணிப்பேட்டை மாவட்டத்திலும் வருகின்றன. வேலை செய்கிற கம்பெனி எந்த மாவட்டமோ அந்த ஆபீஸ்தான், நாம குடியிருக்கிற ஊர் ஆபீஸ் இல்லை.

இப்போது ஒரு முக்கியமான கணக்கு. "12,000 சம்பளம்" என்று சொன்னால் அது எந்த 12,000 என்று கேட்க வேண்டும். பிடித்தம் போகக் கையில் வருவதா, பிடிப்பதற்கு முந்தைய தொகையா, இல்லை கம்பெனி கட்டுகிற பங்கையும் சேர்த்துச் சொன்னதா? மூன்றும் வேறு வேறு. பிடிப்பதற்கு முன் 12,000, அது முழுக்க அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 90 ரூபாய். கையில் வருவது 10,470. சேர்ந்த முதல் மாதம் "ஏமாத்திட்டாங்க" என்று அழுவது பெரும்பாலும் இந்த வித்தியாசத்தால்தான். முதலிலேயே, "பிடித்தம் போக கையில எவ்வளவு சார் வரும்?" என்று கேட்டால் விஷயம் முடிந்தது.

சிலர் "பி.எஃப். எல்லாம் வேணாம்மா, முழுசா கையில வாங்கிக்கோ" என்று ஆசை காட்டுவார்கள். அதில் விழ வேண்டாம். நாம் கட்டுகிற 1,440-க்கு ஈடாகக் கம்பெனியும் 1,440 கட்ட வேண்டும். வருஷத்துக்கு 17,280 ரூபாய். அதில் ஒரு பங்கு பென்ஷன் கணக்குக்குப் போகிறது. பத்து வருஷ சர்வீஸ் இருந்தால்தான் மாதப் பென்ஷன். அதனால் கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவு பண்ணாமல், அதே யு.ஏ.என். எண்ணைப் புதுக் கம்பெனியில் கொடுங்கள். இ.எஸ்.ஐ.க்குக் கம்பெனி பங்கு 3.25 சதவீதம், நம்ம கணக்கில் 390 ரூபாய். நமக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம், முதல் ரெண்டு பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம், இதெல்லாம் அந்த 90 ரூபாய் சீட்டில்தான் இருக்கிறது.

சரி, பேச்சுக்கு வருவோம். தைரியமாகப் பேசுவது என்றால் சத்தமாகப் பேசுவது இல்லை. சண்டையும் இல்லை. தொகையைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி, அப்புறம் வாயை மூடிக்கொள்வது. மூன்றாவதுதான் நமக்குக் கஷ்டம். தொகையைச் சொன்ன அடுத்த நொடியே "பரவால்ல சார், கொஞ்சம் கம்மியானாலும் சரி" என்று நாமே இறக்கிவிடுகிறோம். நேதாஜி மார்க்கெட்டில் எந்தக் கடைக்காரராவது நாம் கேட்பதற்கு முன்னாடியே விலையைக் குறைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

அக்கா சொல்லியிருக்க வேண்டியது இப்படி: "சார், ஆறு வருஷம் அப்பர் தைச்சிருக்கேன். போஸ்ட் பெட், பிளாட் பெட் ரெண்டும் ஓட்டுவேன். புதுசா வர்றவங்களுக்கும் சொல்லிக் குடுப்பேன். எனக்கு 14,000 வேணும்." அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான்.

வீட்டுக் கஷ்டத்தைக் காரணமாகச் சொல்லாதீர்கள். "வீட்டுக்காரர் சரியில்ல சார், பிள்ளைங்க படிக்குது" என்றால் கேட்பவருக்கு இரக்கம் வரலாம், சம்பளம் ஏறாது. கஷ்டம் உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கஷ்டத்தைச் சொன்னால் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள் என்றுதான் எதிரில் இருப்பவர் கணக்குப் போடுவார். வேலையைச் சொல்லுங்கள். "தப்பா நினைச்சுக்காதீங்க சார்", "சும்மா கேட்கறேன்" என்று ஆரம்பிப்பதும் வேண்டாம். "சார்" போதும், மரியாதைக்கு அது தாராளம்.

"கேட்டா வேலையே இல்லைன்னுட்டா என்ன பண்றது?" என்று எல்லாரும் கேட்கிறீர்கள். நியாயமான பயம். மெஷின் தெரிந்த கைக்கும், நேற்று சேர்ந்த ஹெல்பருக்கும் பேரத்தில் ஒரே பலம் கிடையாது. ஆனால் தைத்துப் பார்த்துவிட்டுச் சம்பளம் கேட்கிறார்கள் என்றாலே ஆள் வேண்டும் என்று அர்த்தம். பெரும்பாலும் "அவ்வளவு முடியாதும்மா" என்றுதான் சொல்வார்கள், கதவைச் சாத்த மாட்டார்கள். அப்போது அடுத்ததைக் கேளுங்கள்: "சரிங்க சார், 13,000-ல சேர்றேன். மூணு மாசம் வேலையைப் பாருங்க, அப்புறம் 14,000 ஆக்கித் தரணும். அதை எழுதிக் குடுங்க." பஸ் எந்த ஸ்டாப் வரை வரும், ஓ.டி.க்கு ரெட்டைச் சம்பளம் உண்டா, 50 பேருக்கு மேல் இருக்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் எங்கே, இதெல்லாமும் பணம்தான்.

வேலை தருகிறோம் என்றவுடனே தலையாட்ட வேண்டாம். "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்பதைவிட, "யோசிச்சு வெள்ளிக்கிழமை காலையில போன் பண்றேன் சார்" என்று நாளைச் சொல்லுங்கள். முடிவு உங்களுடையது என்று தெரியும். சொன்ன நாளில் போன் பண்ணிவிடுங்கள். வேண்டாம் என்றாலும், "இந்தத் தடவை தோதுப்படல சார், பின்னாடி தேவைப்பட்டா கூப்பிடுங்க" என்று சொல்லிவிடுவது நல்லது. நம்ம ஏரியாவில் ஒரு கம்பெனி சூப்பர்வைசர் அடுத்த வருஷம் இன்னொரு கம்பெனியில் இருப்பார்.

நியமனக் கடிதம் கேட்டு வாங்குங்கள். வேலைக்கு வைக்கிற எல்லாருக்கும் அதைக் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொல்கிறது. படிப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், ஜெராக்ஸ் போதும். "அட்வான்ஸ் வாங்கிக்கோ, அது கழியற வரைக்கும் போகக்கூடாது" என்று யாராவது சொன்னால் அது வேலையே இல்லை. அப்படிக் கட்டிப்போடுவதை 1976-லேயே கொத்தடிமைத் தொழில் ஒழிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது.

வீட்டில் உட்கார்ந்து கையால் அப்பர் தைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஏஜெண்ட் கட்டு கட்டாகக் கொண்டுவந்து போட்டு, ஜோடிக்கு இவ்வளவு என்பார். கடிகாரத்தை வைத்து ஒரு ஜோடிக்கு எத்தனை நிமிஷம் என்று பாருங்கள். உதாரணத்துக்கு, ஜோடி 15 ரூபாய், முக்கால் மணி நேரம் ஆகிறது என்றால் ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய்தான். ஊசி, கையில் சுற்றுகிற துணி நம்ம செலவு. இந்தக் கணக்கை ஏஜெண்டிடம் ஒருத்தி மட்டும் சொன்னால் அவர் கட்டை அடுத்த தெருவுக்குக் கொண்டு போய்விடுவார். தெருவில் தைக்கிற அத்தனை பேரும் ஒரே தொகையைச் சொல்ல வேண்டும்.

சேர்ந்து சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு மூணாறு சாட்சி. 2015 செப்டம்பரில் அங்கே தேயிலை பறிக்கிற பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், ரோட்டில் உட்கார்ந்தார்கள். போனஸ் 10 சதவீதம் என்று கம்பெனி அறிவித்திருந்தது. இவர்கள் கேட்டது 20. நாள் கூலி 232 ரூபாயாக இருந்ததை 500 ஆக்கச் சொன்னார்கள். யூனியன் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு "பொம்பிளை ஒருமை" என்ற பெயரில் தாங்களே பேசினார்கள். ஒன்பது நாளில் 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கூடுதல் உதவித்தொகை, ஆக 20 சதவீதம் கிடைத்தது. கூலி 500 ஆகவில்லை. அக்டோபரில் 301-ல் முடிந்தது. கேட்டது முழுசாக வரவில்லைதான். ஆனால் 232-ல் நிற்கவும் இல்லை.

அன்றைக்கு டீ ஆறிப்போன பிறகு நாங்கள் ஒரு ஒத்திகை பார்த்தோம். நான் மேனேஜராக நாற்காலியில் உட்கார்ந்தேன், அக்கா எதிரே. "எவ்வளவும்மா எதிர்பார்க்கிற?" என்றேன். "14,000 சார்" என்றவங்க, உடனே "சும்மாதான் கேட்டேன்" என்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாங்க. எல்லாரும் சிரித்துவிட்டோம். ரெண்டாம் தடவையும் அப்படியே ஆனது. நாலாவது தடவை தொகையைச் சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாங்க. என்னால்தான் தாங்க முடியவில்லை, "சரிம்மா, 13,500" என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் அக்கா தன் நோட்டை எடுத்துக்கொண்டு நிஜ ஆபீஸுக்கே போய், பேசிய சம்பளத்தை மறுபடி பேசியிருக்காங்க. அடுத்த மாதத்திலிருந்து 13,000. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதாக எழுதியும் வாங்கியிருக்காங்க. அந்தக் கடிதத்தின் ஜெராக்ஸ் இப்போது குழுவின் தீர்மான நோட்டுக்குள் இருக்கிறது. உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்திலும் ஒரு நாற்காலி போடுங்கள். மேனேஜராக உட்காருகிறவர் கொஞ்சம் கறாரானவராக இருக்கட்டும்.