விரல்களைக் காப்போம்! கைகளை மீட்போம்!

உங்கள் வலக்கையைச் சற்றே விரித்துப் பாருங்கள். மணிக்கட்டு முதல் விரல் நுனி வரை 27 எலும்புகள் அதனுள் அடுக்கப்பட்டுள்ளன. சோறு பிசைவதும், பேனா பிடிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், உறங்கும் குழந்தையின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்தக் கைதான். எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிவது இத்தகைய இரண்டு கைகளின் உழைப்பால்தான். அந்தக் கையின் இரண்டு விரல்கள் ஒரே நொடியில் நசுங்கிப் போனால் அக்குடும்பத்தின் கதி என்ன?

அவ்வாறு விரல்களைப் பறிக்கும் கருவிகளுள் ஒன்று விறகு பிளக்கும் இயந்திரம். குளிர் மிகுந்த ஸ்வீடன், அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டுக் கொல்லைகளிலேயே இதனை வைத்திருப்போர் பலர். இதனால் விளையும் கைக்காயங்களை அந்நாடுகளின் அறுவை மருத்துவர்கள் தனியே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கோடரியால் விறகு பிளக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட நம் ஊர்களிலும், விறகுக் கிடங்குகளில் இத்தகைய இயந்திரங்கள் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. திருமண வீட்டுப் பிரியாணிச் சட்டிக்கு அடியில் எரியும் விறகுக்குப் பின்னாலும் இனி இந்த ஆபத்து இருக்கக்கூடும். ஆகவே, இதைப் பற்றி நாம் அறிந்திருப்பது நல்லது.

இயந்திரம் கையைப் பிடிப்பது எப்படி?

இவ்வியந்திரங்கள் பெரும்பாலும் இரு வகையின. முதல் வகையில், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தண்டு ஒன்று கட்டையைக் கூரிய இரும்பு ஆப்பின் மீது தள்ளிப் பிளக்கிறது. சிறிய இயந்திரத்தின் அழுத்தமே ஏறத்தாழ 5 டன். பெரியவற்றில் 20, 30 டன் வரை இருக்கும். தண்டு மெதுவாக நகர்வதால், 'அதற்குள் கையை எடுத்துவிடலாம்' என்று மனம் துணிகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. கோணலான கட்டை வழுக்கும். கணு உள்ள கட்டை எதிர்பாராத பக்கம் திரும்பும். அதைச் சரிசெய்யக் கை தானாகவே நீளும். தண்டுக்கோ விறகும் விரலும் ஒன்றுதான்.

இரண்டாம் வகையில், திருகாணி போன்ற கூம்பு ஒன்று சுழன்றபடி கட்டைக்குள் நுழைந்து பிளக்கிறது. இங்கே கையுறையே பகையாகிவிடும். கையுறையின் நுனியோ, சட்டைக் கையோ, தோளில் கிடக்கும் துண்டோ கூம்பில் சிக்கினால் அது கையையும் சேர்த்துச் சுருட்டிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒருவர் கட்டையைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் விசைப்பிடியை இழுப்பார். பிடித்திருப்பவர் கையை எடுத்துவிட்டார் என்று இழுப்பவர் நினைக்கிறார். இழுப்பவர் பொறுத்திருப்பார் என்று பிடித்திருப்பவர் நம்புகிறார். உதவிக்கு நின்ற தம்பியோ மகனோ விரலை இழப்பது இப்படித்தான்.

இதனைத் தவிர்க்கவே, ஐரோப்பிய நாடுகளில் தண்டு வகை இயந்திரங்களுக்கு இரு விசைப்பிடிகள் வைக்கும் முறை வந்தது. இரண்டு கைகளாலும் இரண்டு பிடிகளை அழுத்தினால்தான் தண்டு நகரும்; ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடும். வேலை விரைவாக நடக்க வேண்டுமென்று அப்பிடிகளில் ஒன்றைக் கயிற்றால் கட்டிவைப்பதைவிடப் பேதைமை வேறுண்டா?

கட்டையை வைப்பதும் விசையை இயக்குவதும் ஒரே ஆளாக இருக்கட்டும். மற்றவர்கள், குறிப்பாகச் சிறுவர்கள், எட்ட நிற்கட்டும். கட்டையின் இரு முனைகளும் நேராக அறுக்கப்பட்டிருக்கட்டும். கட்டை சிக்கிக்கொண்டால் இயந்திரம் முழுதும் நின்ற பிறகே கை வைக்க வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றை முன்னதாகவே கழற்றிவிடுவது நலம்.

முதல் ஒரு மணி நேரம்

எச்சரிக்கையை மீறியும் விபத்து நேர்ந்துவிடுகிறது. அப்போது அருகிலிருப்பவர் செய்ய வேண்டியது என்ன?

முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். சிக்கிய கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தூய துணியைக் காயத்தின் மீது வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்துங்கள். பெரும்பாலான இரத்தப்போக்கு இதிலேயே அடங்கும். நூலாலோ கயிற்றாலோ விரலை இறுக்கிக் கட்டுவது எஞ்சிய சதையையும் சாகடிக்கும். கை வீங்குவதற்குள் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், சாம்பல், மண்ணெண்ணெய் ஆகிய எதுவும் காயத்தில் படக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம்; எனவே காயம்பட்டவருக்குச் சோடாவோ தேநீரோ கொடுக்காதீர்கள்.

விரல் துண்டாகிவிட்டதா? பதற்றத்தில் அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடாதீர்கள். மரத்தூள் போக நல்ல நீரில் இலேசாக அலசி, ஈரமான தூய துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பையைப் பனிக்கட்டியும் நீரும் கலந்த மற்றொரு பையில் வையுங்கள். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது; பட்டால் அதன் திசுக்கள் உறைந்து கெடும். இவ்வாறு குளிர்ச்சியில் காக்கப்பட்ட விரல் 12 மணி நேரத்திற்கு மேலும் தாங்கக்கூடும். மணிக்கட்டோடு கை துண்டானால், அதில் தசை இருப்பதால், ஏறத்தாழ 6 மணி நேரமே கெடு.

துண்டான உறுப்பைப் பொருத்துவது இன்று கனவு அன்று. 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இரயிலில் சிக்கித் துண்டான 12 வயதுச் சிறுவனின் கையை டாக்டர் ரொனால்ட் மால்ட் குழுவினர் மீண்டும் பொருத்தினர். 1965இல் ஜப்பானில் மருத்துவர்கள் கோமாட்சுவும் தமாயும் முற்றிலும் துண்டான கட்டைவிரலை நுண்ணோக்கியின் துணையுடன் ஒட்டவைத்தனர். நம் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கை அறுவை சிகிச்சைக்கென 1970களிலேயே தனிப்பிரிவு தோன்றிவிட்டது. ஆயினும் ஓர் உண்மையை ஏற்றுக்கொள்ள வேண்டும். கத்தியால் சீராக வெட்டுண்ட விரலை ஒட்டுவது ஒப்பளவில் எளிது. விறகு இயந்திரத்தில் நசுங்கிப் பிய்ந்த விரலை ஒட்டுவது கடினம். சில வேளைகளில் இயலாமலும் போகும். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

வெளித்தோல் அவ்வளவாகக் கிழியவில்லை என்று அலட்சியமாக இருப்பதும் தவறு. நசுங்கிய கை உள்ளுக்குள் வீங்கி இரத்த ஓட்டத்தைத் தடுக்கலாம். வலி மணிக்கு மணி கூடினாலோ, விரல்கள் மரத்து வெளுத்தாலோ, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

'நரம்பு அறுந்துவிட்டது' என்றால்...

நம் பேச்சு வழக்கில் எல்லாவற்றுக்கும் 'நரம்பு' என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிடுகிறோம். மருத்துவர் பேசும்போது மூன்றைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, இரத்தக்குழாய், அது விரலுக்கு உயிரூட்டுகிறது. இரண்டாவது, உணர்ச்சி நரம்பு. தொடுவதையும் சுடுவதையும் அறிவிக்கிறது. மூன்றாவது, தசைநாண். விரலை மடக்கி நீட்டும் தசைகள் விரலுக்குள் இல்லை. உள்ளங்கையிலும் முன்கையிலும் இருக்கின்றன. பொம்மலாட்டக் கயிறு போல் அங்கிருந்து விரலை இழுப்பவை தசைநாண்கள்.

இவை ஆறும் காலமும் வேறு வேறு. விரல் எலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். தைக்கப்பட்ட தசைநாண் முழு வேலையைத் தாங்க ஏறத்தாழ 12 வாரங்கள் வேண்டும். அறுந்த உணர்ச்சி நரம்போ நாளொன்றுக்கு ஒரு மில்லி மீட்டர் அளவே வளரும். மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல் நுனியை எட்டுவதற்கு மாதங்கள் பல கடக்கும். "தையல் பிரித்து ஒரு மாதமாயிற்றே, இன்னும் ஏன் உணர்ச்சி வரவில்லை?" என்று மனம் உடைபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

குடும்பத்தின் பங்கு

விரலை ஒட்டிக் கொடுப்பது மருத்துவர் என்றால், கையை மீட்டுக் கொடுப்பது வீடு. அறுவை வெற்றியாக முடிந்தும் பயன்படாமல் விறைத்துப்போகும் கைகள் உண்டு. அசைக்காமல் வைத்திருந்தால் தசைநாண் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்கிறது. அவசரப்பட்டு வலுவாகப் பிடித்தால் தையலே அறுந்துவிடுகிறது. எந்த வாரத்தில் எவ்வளவு அசைக்கலாம் என்பதை மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் சொல்வார்கள். அதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

தொடக்க நாட்களில் கையைத் தொங்கவிடாமல் தலையணைகளின் மீது உயர்த்தி வைக்கச் செய்யுங்கள். தோளும் முழங்கையும் காயம்படாத விரல்களும், மருத்துவர் தடுக்காதவரை, நாள்தோறும் அசைய வேண்டும். புகையிலை இரத்தக்குழாயைச் சுருக்கும். ஒட்டிய விரலைச் சாகடிக்க ஒரு சிகரெட் போதுமானதாக இருக்கலாம். நலம் விசாரிக்க வருபவர்களும் அவர் அருகில் புகைக்கக் கூடாது.

ஒளுச் செய்யும்போது கட்டு நனைந்து காயம் சீழ்பிடிக்க இடங்கொடுக்காதீர்கள். கட்டின் மீது ஈரக்கையால் தடவிக்கொள்ளும் சலுகை மார்க்கத்தில் இருக்கிறது. வலக்கை காயப்பட்டவர் சில மாதங்கள் இடக்கையால் உண்ண நேரிட்டால் வீட்டார் முகம் சுளிக்க வேண்டாம். பிறர் முன் உண்ணக் கூசியே பட்டினி கிடப்பவர்கள் இருக்கிறார்கள்.

காயம் முற்றிலும் ஆறிய பின், தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பை மெல்ல நீவலாம். தொட்டாலே கூசும் விரலுக்கு முதலில் பஞ்சு, பின்னர் துணி, அதன் பின்னர் ஒரு கிண்ணம் அரிசி என்று படிப்படியாகத் தொடுதலைப் பழக்குவார்கள். உணர்ச்சி திரும்பாத விரலை அடுப்படியில் கண்ணால் காக்க வேண்டும். அது சூட்டை அறிவிக்காது. நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளைச் சீரமைத்த டாக்டர் பால் பிராண்ட், வலி என்பது மனிதனுக்குக் கிடைத்த காவல் என்பதைத் தம் நோயாளிகளின் மரத்த கைகளிலிருந்தே உணர்ந்தார்.

மனத்தின் காயம்

இழந்த விரல் இன்னும் இருப்பது போலவும் வலிப்பது போலவும் தோன்றுவது பைத்தியம் அன்று. மூளையில் அவ்விரலின் பதிவு அழியாமல் இருப்பதே அதற்குக் காரணம் என்கிறார்கள். தமிழகத்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டி இவ்வலியைத் தணிக்கும் எளிய முறையை 1990களில் அமெரிக்காவில் கண்டறிந்தார். பலருக்கு அது பயன் தந்திருக்கிறது.

இயந்திரத்தின் ஓசை கேட்டாலே உடல் நடுங்குவதும், உறக்கத்தில் அலறுவதும், கையை எப்போதும் சட்டைப்பையில் மறைப்பதும் அவ்வாறே காயத்தின் பகுதிகள்தாம். "உன் கவனக்குறைவால் வந்ததுதானே" என்ற சொல்லை வீட்டில் ஒருவரும் சொல்லாதீர்கள். மனைவியும் மக்களும் அந்தக் கையைத் தயங்காமல் பார்க்க வேண்டும், தொட வேண்டும். பூண்டு உரிப்பது, துணி மடிப்பது போன்ற சிறு வேலைகளை அவரிடமே கொடுங்கள். இரக்கத்தால் எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்தால் கையும் தேறாது, மனமும் தேறாது.

வேலையின்போது காயம்பட்டவருக்கு இழப்பீடு கோரும் உரிமை உண்டு. ஒரு கட்டைவிரலை இழந்தால் உழைத்துச் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடும், ஒரு கையையே இழந்தால் 60 விழுக்காடும் போயிற்று என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அட்டவணையிட்டது. ஆகவே மருத்துவச் சீட்டுகளையும் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். கூலித் தொழிலாளி என்பதற்காக யாரும் தம் உரிமையைக் கைவிட வேண்டியதில்லை.

அட்டவணையில் உள்ள எண், இழந்ததன் அளவையே சொல்லும். எஞ்சியதைக் கொண்டு எவ்வளவு செய்யலாம் என்பதை அது சொல்லாது. மூன்று விரல்களால் எழுதுகிறவர்களும், தைக்கிறவர்களும், சமைக்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் உறவிலோ தெருவிலோ அப்படி ஒருவர் கட்டுப்போட்ட கையோடு வீட்டில் முடங்கியிருந்தால் நாளையே சென்று பாருங்கள். "இன்று பயிற்சி செய்தாயா?" என்று கேளுங்கள். இயந்திரத்தின் முன் நிற்கும் இளைஞர் எவரேனும் இருந்தால், கட்டையைப் பிடித்த கையை எடுத்த பிறகே விசையைத் தொடும்படி இன்றே சொல்லிவையுங்கள்.