உங்களுக்குத் தெரியுமா? காசிப் படகுப் பயணத்தில் ஒரு தமிழ்ப் படித்துறை

அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்துள்ள பொன்னேரி என்னும் பேரேரியை, கங்கை வெற்றியின் நினைவாக நீரால் ஆன வெற்றித்தூணாக முதலாம் இராசேந்திரன் (1012–1044) அமைத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. அந்தக் கங்கையில் படகேறிக் காசி நகரைக் காண்போருக்கு, அங்கும் தமிழகத்தின் தடம் தெளிவாகத் தென்படும்.

காசியில் கங்கை வடக்கு நோக்கி ஓடுவதால், மேற்குக் கரையிலுள்ள 'காட்' எனப்படும் படித்துறைகள் கிழக்கு நோக்கி அமைந்து, விடியற்கால வெயிலை நேராக வாங்குகின்றன. படகுப் பயணத்துக்கு அதிகாலை மிகவும் ஏற்றது என்பது இதனால்தான். அசி படித்துறையிலிருந்து வடக்கே செல்லும் படகு, பாரதியார் இளமையில் தங்கிப் பயின்ற அனுமன் படித்துறையையும், பிணம் எரியும் அரிச்சந்திரன் படித்துறையையும் கடந்து, கேதார் படித்துறையை அடைகிறது. அங்குள்ள கேதாரேசுவரர் கோயிலின் சுவரில் செங்குத்தாகத் தீட்டப்பட்ட காவியும் வெள்ளையுமான பட்டைகள், தண்ணீரிலிருந்து பார்க்கையில் தமிழகக் கோயில் மதிலையே கண்முன் நிறுத்தும். அதன் அருகே 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடத்தின் வழிவந்ததே, கொள்ளிடத்துக்குத் தெற்கே திருப்பனந்தாளில் இன்றும் விளங்கும் காசி மடம்.